கராச்சியா, காக்ஸ் பஜாரா? குன்னூர் வீட்டுப் பதக்க வரிசை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு வந்தது தேக்குச் சட்டமிட்ட ஒரு கண்ணாடி ஃப்ரேம். உள்ளே நீல வெல்வெட் துணியின்மேல் எட்டுப் பதக்கங்கள், நடுவே கடற்படைச் சீருடையில் ஒரு புகைப்படம், அடியில் "கராச்சி 1971" என்று வெட்டிய பித்தளைத் தகடு. மறைந்த அதிகாரியின் மனைவியும் பேரனும் கொண்டுவந்தார்கள். கேட்டது ஒன்றுதான்: பேரன் பள்ளியில் கடற்படை நாளன்று தாத்தாவைப் பற்றிப் பேசப் போகிறான், பதக்கங்களின் பெயரைச் சரியாக எழுதித் தர வேண்டும். பெயர் எழுதுவது ஒரு மணி நேர வேலை. ஆனால் அந்தத் தகடும் அந்தப் பதக்கங்களும் ஒன்றையொன்று மறுத்தன. அந்த முரண்பாடு எப்படித் தீர்ந்தது என்பதே இந்த ஆய்வு.

குடும்பத்தின் விருப்பப்படி அதிகாரியின் பெயரும் எண்ணும் இங்கே இல்லை. அடையாளம் தெரியாமலிருக்க, இதே சிக்கலோடு வந்த வேறு வீடுகளின் சில விவரங்களையும் சேர்த்தே எழுதியிருக்கிறோம்.

நீலகிரியில் இப்படிப்பட்ட ஃப்ரேம்கள் ஏராளம். பிரிவினைக்குப் பின் குவெட்டாவை விட்டு வந்த படைத்துறைப் பணியாளர் கல்லூரி, 1948 முதல் வெலிங்டனில் வகுப்புகளை நடத்திவருகிறது. முப்படை அதிகாரிகளும் அங்கே ஓராண்டு படிக்கிறார்கள். அந்த ஒரு வருடத்தில் குளிரும் தேயிலைச் சரிவும் பிடித்துப்போய், ஓய்வுக்குப் பின் குன்னூர், கோத்தகிரி பக்கம் வீடு வாங்கியவர்கள் பலர். கடலைப் பார்த்தே வாழ்ந்தவர்களின் பதக்கங்கள் 6,000 அடி உயரத்து மூடுபனியில் தொங்குவது அப்படித்தான்.

முதல் பார்வை: ஃப்ரேமைத் திறக்காமல்

ஃப்ரேமில் இடமிருந்து வலமாக இருந்தவை: 9 ஆண்டு நீண்ட சேவைப் பதக்கம், 20 ஆண்டு நீண்ட சேவைப் பதக்கம், 25-ஆவது சுதந்திர ஆண்டுப் பதக்கம், சைன்ய சேவா பதக்கம், சங்க்ராம் பதக்கம், ரக்‌ஷா பதக்கம், பூர்வி நட்சத்திரம், கடைசியில் 1947-ஆம் ஆண்டுப் பொதுச் சேவைப் பதக்கம். ரக்‌ஷா பதக்கத்தின் ரிப்பனில் சிறிய உலோக இலை ஒன்று ஒட்டியிருந்தது.

வரிசை தலைகீழ். இந்தியப் பதக்க வரிசையில் மூத்தது அணிபவரின் நெஞ்சு நடுவை ஒட்டி இருக்கும். எதிரே நின்று பார்ப்பவருக்கு அது இடது ஓரம். நீண்ட சேவைப் பதக்கங்கள் வரிசையின் வால் பக்கம் வரும். இங்கே வால் தலையாகியிருந்தது.

இது எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனெனில் வீட்டுக்கு வீடு நடக்கிறது. சீருடையில் அணியும்போது பதக்கங்கள் ஒரு உலோகப் பட்டையில் ரிப்பனோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கும். ஃப்ரேம் போடுபவர் அதைப் பிரிப்பதற்காகக் குப்புறக் கவிழ்த்துவைத்துத் தையலை அறுப்பார். பின்பக்கம் பார்த்து இடமிருந்து வலமாக எடுத்து அடுக்கிவிட்டு, அதே ஒழுங்கில் முன்பக்கம் திருப்பி ஒட்டுவார். கண்ணாடியில் பார்த்த மாதிரி வரிசை முழுக்கத் திரும்பிவிடும். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கலைந்திருந்தால், தெரியாதவர் யாரோ அடுக்கியது என்று பொருள். முழுசாகத் திரும்பியிருந்தால், மூல வரிசை சரியாகத்தான் இருந்தது என்று கிட்டத்தட்ட நம்பலாம். இங்கே முழுசாகத் திரும்பியிருந்தது. ஆகவே அதிகாரி அணிந்த வரிசை இது: பொதுச் சேவை, பூர்வி, ரக்‌ஷா, சங்க்ராம், சைன்ய சேவா, 25-ஆவது ஆண்டு, 20 ஆண்டு, 9 ஆண்டு. அரசின் முன்னுரிமைப் பட்டியலோடு இது அப்படியே பொருந்துகிறது.

தகடு சொல்வதும் நட்சத்திரம் சொல்வதும்

1971 போருக்கு இரண்டு நட்சத்திரங்கள் உண்டு. மேற்குப் போர்ப்பகுதிக்குப் பஸ்சிமி, கிழக்குப் போர்ப்பகுதிக்குப் பூர்வி. இரண்டும் ஐந்து முனை நட்சத்திரங்கள். பெயரைப் படிக்காமல், ரிப்பனைக் கவனிக்காமல் பார்த்தால் வேறுபாடு தெரியாது. இவை தவிர சங்க்ராம் பதக்கம் பொதுவானது: 1971 டிசம்பர் 3 முதல் 1972 டிசம்பர் 20 வரை பணியில் இருந்தவர்களுக்குரியது, எங்கே இருந்தார் என்பதைச் சொல்லாது.

கராச்சி அரபிக் கடலில் இருக்கிறது. அங்கே போனவருக்கு உரியது பஸ்சிமி. இந்த வரிசையில் இருந்தது பூர்வி.

யாரோ ஒருவருடைய நட்சத்திரம் தவறிப்போய் இந்த ஃப்ரேமுக்குள் வந்ததா? அந்தச் சந்தேகத்தை முதலில் தீர்க்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் நகல் பதக்கங்கள் எழுத்தில்லாமல் வெறுமையாக இருக்கும். அரசு வழங்கியவற்றில் எண், தரம், பெயர் பொறித்திருக்கும். வட்டப் பதக்கத்தில் அதை விளிம்பில் தேட வேண்டும். வீட்டில் பார்க்க விரும்புகிறவர்கள் மேசை விளக்கைப் பதக்கத்தின் மட்டத்துக்குத் தாழ்த்தி, ஒளி பக்கவாட்டில் வழுக்கிப் போகும்படி வைக்க வேண்டும். பதக்கத்தை எட்டில் ஒரு பங்காகத் திருப்பித் திருப்பி எட்டுப் படம் எடுத்தால் முழு விளிம்பும் கிடைத்துவிடும். நேரே மேலிருந்து வெளிச்சம் போட்டால் எழுத்து கரைந்துபோகும். கறுத்திருக்கிறதே என்று பாலிஷ் போட்டுத் தேய்க்கவே கூடாது. எழுத்தின் ஓரங்கள்தான் முதலில் தேயும்.

எட்டிலும் ஒரே பெயர், ஒரே எண். பொதுச் சேவைப் பதக்கத்தில் தரம் லெப்டினன்ட், 1971-க்குப் பிந்தியவற்றில் லெப்டினன்ட் கமாண்டர். தரம் ஏறுவது ஒழுங்காக இருந்தது. (தரத்தை மட்டும் வைத்து ஆண்டைக் கணிக்க வேண்டாம். பதக்கம் பல ஆண்டு கழித்தும் வழங்கப்படுவதுண்டு.) ஆக நட்சத்திரம் அவருடையதே. தகடுதான் பிழை.

மீதிப் பதக்கங்கள் சொன்ன வாழ்க்கை

வீட்டார் கண் எப்போதும் பெரிய பதக்கத்தின் மேல்தான். ஒருவர் எங்கே, எப்போது இருந்தார் என்பதை உறுதியாகக் காட்டுவது பிறகு வரும் சாதாரணப் பதக்கங்கள்தான். எல்லோருக்கும் கொடுப்பதுதானே என்று ஒதுக்கப்படுபவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி வரம்பு உண்டு. வரம்புகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் பணிக்காலம் தானாகத் தெரியும். இல்லாத பதக்கமும் சாட்சிதான்.

1947 சுதந்திரப் பதக்கம் இந்த வரிசையில் இல்லை. 1947 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்குக் காவி, வெள்ளை, பச்சை ரிப்பனோடு அது உண்டு. அது இல்லாததால் அவர் அதற்குப் பிறகு சேர்ந்தவர்.

பொதுச் சேவைப் பதக்கத்தின் சிவப்பு ரிப்பனில் ஐந்து பச்சைக் கோடுகள். அதன்மேல் "கோவா 1961" என்ற பட்டை. பட்டை இல்லாமல் இந்தப் பதக்கம் வெறும் பெயர்தான், பட்டையே செய்தி. நாகா மலை, லடாக், நேஃபா (இன்றைய அருணாச்சலப் பிரதேசம்) என்று இடத்துக்கு ஒரு பட்டை உண்டு. கோவா நடவடிக்கை 1961 டிசம்பர் 18, 19 தேதிகளில் நடந்தது. கடற்படைக்கு மூன்று இடங்களில் வேலை. டியூவில் ஐ.என்.எஸ். டெல்லி. மர்மகோவா துறைமுகத்தில் பேட்வா, பியாஸ் ஆகிய ஃபிரிகேட்டுகள் போர்த்துக்கீசியப் போர்க்கப்பல் அஃபோன்சோ டி அல்புகர்க்கை எதிர்கொண்டன. அஞ்சதீவில் திரிசூல் கப்பலின் பீரங்கிக் காவலோடு மாலுமிகள் கரையிறங்கினார்கள். அந்தச் சின்னத் தீவில் இந்தியத் தரப்பில் ஏழு பேர் உயிர் போனது. கோவா என்றால் சிராய்ப்பில்லாமல் முடிந்தது என்று நினைப்பவர்கள் அஞ்சதீவை மறந்துவிடுகிறார்கள்.

ரக்‌ஷா பதக்கம் 1965-க்கானது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று 180 நாள் பணி முடித்திருந்தால் போதும். அதோடு போர்ப்பகுதியில் இருந்திருந்தால் சமர் சேவா நட்சத்திரமும் சேரும். இங்கே நட்சத்திரம் இல்லை. ஆக 1965-இல் பணியில் இருந்தார், போர்ப்பகுதியில் இல்லை.

சைன்ய சேவா பதக்கத்தில் அந்தமான் நிக்கோபார் பட்டை. 25-ஆவது சுதந்திர ஆண்டுப் பதக்கம் 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்ததைக் காட்டுகிறது. 20 ஆண்டுப் பதக்கம் உண்டு, 30 ஆண்டுப் பதக்கம் இல்லை.

இவ்வளவையும் சேர்த்தால் கிடைப்பது: 1950-களில் அதிகாரியாகச் சேர்ந்து, 1961-இல் கோவாக் கடலில் இருந்து, இடையில் அந்தமானில் பணியாற்றி, 1971-இல் கிழக்குக் கடலில் போரிட்டு, முப்பதாண்டு நிறைவதற்குள் ஓய்வு பெற்றவர். ஒரு காகிதம்கூடப் புரட்டாமல் வந்த முடிவு இது. பிறகு கிடைத்த பணிப்பதிவு இதில் எதையும் மாற்றவில்லை.

இலை இருந்த இடம்

அந்தச் சிறு உலோக இலை தாமரை இலை. போர் அறிக்கையில் பெயர் குறிப்பிடப்பட்டவர் அணிவது. வீரச் சக்கரங்களுக்குக் கீழே இருந்தாலும், எல்லோருக்கும் வருவதல்ல. களத் தளபதி அனுப்பும் அறிக்கையில் தனியாகப் பெயர் வர வேண்டும். இதற்கென்று தனிப் பதக்கம் கிடையாது. எந்தப் போருக்குக் கிடைத்ததோ அந்தப் போரின் பதக்க ரிப்பனில் இலையைக் குத்திக்கொள்வார்கள். அதனால் இலை எந்த ரிப்பனில் இருக்கிறது என்பது மிக முக்கியம். ரக்‌ஷா ரிப்பனில் இருந்தால் 1965, பூர்வி ரிப்பனில் இருந்தால் 1971.

ஃப்ரேமில் அது ரக்‌ஷாவில் இருந்தது. 1965-இல் போர்ப்பகுதியிலேயே இல்லாதவருக்கு 1965 போர் அறிக்கையில் பெயர் வருமா? பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் ரிப்பன்களைப் பார்த்தபோது விடை கிடைத்தது. இலையின் பின்னால் இரண்டு மெல்லிய முள்கள் உண்டு. ரிப்பனில் குத்தி மடக்கிவிடுவதற்கு. ரக்‌ஷா ரிப்பனில் துளை எதுவும் இல்லை. இலையின் முள்கள் தட்டையாக நசுக்கப்பட்டு, வெள்ளைப் பசையில் ஒட்டியிருந்தது. பக்கத்தில் இருந்த பூர்வி ரிப்பனிலோ நடுவில் இரண்டு துளைகள். துளையைச் சுற்றிய நூல் லேசாகத் துருக்கறை படிந்து, இலை மூடியிருந்த இடம் மட்டும் வெளுக்காமல் பழைய நிறத்தில் இருந்தது. துளைகளுக்கிடையே இருந்த தூரமும் முள்களின் தூரமும் ஒன்றே.

பிரிக்கும்போது இலை கழன்று விழுந்திருக்கிறது. எங்கிருந்து விழுந்தது என்று தெரியாமல் கைக்கு வந்த ரிப்பனில் ஒட்டியிருக்கிறார்கள். ஒரு சொட்டுப் பசை, ஒருவருடைய வாழ்க்கையின் மிகப் பெரிய நாளை ஆறு ஆண்டு முன்னே தள்ளிவிட்டது.

கராச்சிக்குப் போன வரிசை எப்படி இருக்கும்

ஒப்பிட்டுப் பார்க்க நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. மதுரையில் 1926-இல் பிறந்து, 2021 ஆகஸ்டில் சென்னையில் மறைந்த கமாண்டர் கசர்கோடு பட்டணஷெட்டி கோபால் ராவ். 1971 டிசம்பர் 4 இரவு கராச்சிக்குப் போன அணியில் ஐ.என்.எஸ். கில்தான் கப்பலின் தலைவர். அவருடைய வரிசையின் தலையில் பாதி வெள்ளை, பாதி காவி ரிப்பனோடு, போர்க்கால வீர விருதுகளில் இரண்டாவது உயர்ந்ததான மகாவீர் சக்கரம். விசிஷ்ட சேவா பதக்கமும் பெற்றவர். அதன் பொன்னிற ரிப்பனில் மூன்று கருநீலக் கோடுகள் இருக்கும்.

அந்த இரவின் அமைப்பை விளக்கினால்தான், அங்கே யார் இருந்திருக்க முடியும், யார் இருந்திருக்க முடியாது என்பது புரியும். போனவை நிபாத், நிர்காத், வீர் என்ற மூன்று ஏவுகணைப் படகுகள், கில்தான், கட்சால் என்ற இரண்டு நீர்மூழ்கி எதிர்ப்புக் கப்பல்கள், எரிபொருளுக்குப் போஷக். படகு ஒவ்வொன்றிலும் நான்கு ஏவுகணைகள். துறைமுகக் காவலுக்காகக் கட்டிய சோவியத் படகுகள் அவை. நெடுந்தூரம் ஓடும் எரிபொருள் கொள்ளளவு கிடையாது. பெரிய கப்பல்களின் ராடார் தூரத்து இலக்குகளைக் கண்டு சொல்ல, படகுகள் பாய்ந்து அடிக்கும். படகுப் படைப்பிரிவின் தலைவர் கமாண்டர் பாப்ரு பான் யாதவ் நிபாத்தில் இருந்தார். அவருக்கும் மகாவீர் சக்கரம். எல்லாம் சிறிய கலங்கள் என்பதால் அந்த இரவில் பங்கேற்ற அதிகாரிகளின் எண்ணிக்கையே குறைவு. எந்த வீட்டிலாவது "கராச்சி" என்று சொன்னால், இந்தக் கலங்களில் எதில் என்பதுதான் அடுத்து கேட்க வேண்டியது. டிசம்பர் 8 இரவு நடந்த இரண்டாம் தாக்குதல் என்றால் வினாஷ், தல்வார், திரிசூல்.

கோபால் ராவின் விருதுக் குறிப்பைப் படிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவருடைய அணி எதிரியின் இரண்டு டெஸ்ட்ராயர் போர்க்கப்பல்களையும், கடற்கண்ணிகளை அகற்றும் ஒரு கண்ணிவாரிக் கப்பலையும் மூழ்கடித்ததாக அது சொல்கிறது. பின்னால் தெளிவான கணக்கு வேறு: கைபர் என்ற டெஸ்ட்ராயரும் முஹாஃபிஸ் என்ற கண்ணிவாரியும் மூழ்கின, ஷா ஜஹான் மூழ்கவில்லை, பலத்த சேதமடைந்தது, வீனஸ் சேலஞ்சர் என்ற சரக்குக் கப்பலும் மூழ்கியது. இதனால் விருதின் மதிப்பு ஒரு துளியும் குறையாது. இருட்டில், பல மைல் தொலைவில், ராடார் திரையில் தெரியும் புள்ளியை நோக்கி ஏவுகணை விட்டவர்கள், புள்ளி மறைந்ததை வைத்துத்தான் அறிக்கை எழுத முடியும். விருதுக் குறிப்பு அன்றைய அறிக்கையிலிருந்து பிறப்பது. துணிவுக்கு அது முதல்தரச் சாட்சி. எதிரியின் இழப்புக்கு இரு தரப்புப் பதிவையும் வைத்துப் பார்க்க வேண்டும். குடும்ப வரலாறு எழுதுபவர்கள் விருதுக் குறிப்பை வரிக்கு வரி எடுத்து ஒட்டிவிட்டு, பிறகு யாராவது மறுத்தால் மனம் நோகிறார்கள். முதலிலேயே இரண்டையும் தனித்தனியாக எழுதிவிடுவது நல்லது.

டிசம்பர் 4 என்ற ஒரே தேதி

கராச்சிக் கதை அந்த வீட்டுக்குள் எப்படி வந்தது? பாட்டியிடம் கேட்டபோது அவர் சொன்னது: "அவர் ஒரு நாளும் கராச்சின்னு சொன்னதில்லைங்க சார். டிசம்பர் நாலுன்னு மட்டும்தான் சொல்வார். மத்தத பசங்க டி.வி.ல பாத்துச் சேத்துக்கிட்டாங்க."

முடிச்சு அங்கேதான் இருந்தது. கராச்சித் தாக்குதலின் நினைவாக டிசம்பர் 4 கடற்படை நாள். ஒவ்வோர் ஆண்டும் அன்று தொலைக்காட்சியிலும் பள்ளியிலும் கராச்சிதான் பேசப்படும். ஆனால் அதே டிசம்பர் 4 காலையில், எதிர்க்கரையில், விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து எட்டு சீ ஹாக் விமானங்கள் இன்றைய வங்கதேசத்தின் கடற்கரை ஊரான காக்ஸ் பஜாரைத் தாக்கின. மாலையில் சிட்டகாங் துறைமுகம். கராச்சியில் முதல் ஏவுகணை பாய்வதற்குப் பல மணி நேரம் முன்பே கிழக்குக் கடலில் போர் சூடு பிடித்துவிட்டது. அதற்கும் முந்திய நள்ளிரவில் விசாகப்பட்டினத்துக்கு வெளியே, விக்ராந்தைத் தேடி வந்த பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கியிருந்தது. விக்ராந்த் அங்கேதான் இருக்கிறது என்று எதிரி நம்பும்படி ராஜ்புத் என்ற பழைய டெஸ்ட்ராயர் வானொலிச் செய்திகளை அள்ளி வீசிக்கொண்டிருக்க, உண்மையான விக்ராந்த் அந்தமான் பக்கம் ஒளிந்திருந்தது.

பணிப்பதிவு வந்தபோது 1971-க்கு எதிரே இருந்த கப்பலின் பெயர் விக்ராந்த். துறை: பொறியியல்.

பாய்லர் அறையின் போர்

விக்ராந்தின் பொறியியல் அதிகாரிக்கு அந்த ஆண்டு என்ன வேலை என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். அந்த இலையின் எடை அங்கேதான் தெரியும்.

1970 நடுவில் கப்பலைப் பழுதுபார்க்கும் துறையில் ஏற்றியபோது, பாய்லர்களின் நீர் உருளைகளில் உலோகக் களைப்பால் உண்டான விரிசல்கள் தென்பட்டன. வெல்டிங் வைத்து மூட முடியாத வகை. உள்நாட்டில் மாற்று உருளை இல்லை. பிரிட்டனில் புதிதாக ஆர்டர் கொடுத்தார்கள். அதுவரை பாய்லரைப் பற்றவைக்கவே கூடாது என்று உத்தரவு. ஏழு மாதம் போல இயந்திரங்கள் சும்மா கிடந்தன. கிழக்கில் நிலைமை முற்றிய 1971 மார்ச் முதல் தேதி, மாற்று உருளை வராமலேயே, குறைந்த அழுத்தத்தில் பாய்லர்களை மூட்டினார்கள். மார்ச்சிலும் ஏப்ரலிலும் கடல் சோதனைகள். முடிவில் வகுத்த வரம்பு: நீராவி அழுத்தம் 400 பி.எஸ்.ஐ.-க்கு (சதுர அங்குலத்துக்கு 400 பவுண்டு) மேல் போகக் கூடாது. கப்பலை உந்தும் புரொப்பெல்லர் முன்னோக்கி நிமிடத்துக்கு 120 சுற்று, பின்னோக்கி 80. கப்பலின் வேகம் மணிக்கு 14 கடல் மைலாகக் குறைந்தது.

விமானந்தாங்கிக்கு வேகம் என்பது தப்பி ஓடுவதற்கு மட்டுமல்ல. விமானம் ஏற வேண்டுமானால் தளத்தின்மேல் எதிர்க்காற்று வேண்டும். கப்பல் காற்றை எதிர்த்து ஓடும்போது, இயற்கைக் காற்றின் வேகத்தோடு கப்பலின் வேகமும் சேர்ந்து அந்தக் காற்றைத் தருகிறது. கப்பல் மெதுவாக ஓடினால் விமானம் குறைந்த எடையோடுதான் எழ முடியும். குண்டைக் குறைக்கணும், இல்லாவிட்டால் எண்ணெயைக் குறைக்கணும். விமானத்தை உந்தி எறியும் கேட்டபுல்ட்டும் இதே பாய்லர்களின் நீராவியில் ஓடுகிறது. ஒவ்வோர் உந்தலும் நீராவியை உறிஞ்சும்போது அழுத்தம் சரியும். அடுத்த விமானத்துக்குள் அதை மீட்க வேண்டும். ஆனால் அவசரப்பட்டு எரிப்பைக் கூட்டினால் உருளையில் வெப்பம் திடீரென ஏறும். விரிசல் வளர்வது அப்படிப்பட்ட ஏற்ற இறக்கத்தில்தான். கீழே இறங்கினால் விமானம் எழாது, மேலே ஏறினால் உருளை பிளக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஊசியை நிறுத்திவைப்பதுதான் பாய்லர் அறையில் நின்றவர்களின் போர். உருளை பிளந்தால் வெளிவரும் நீராவி அந்த அறையில் யாரையும் விட்டுவைக்காது. எதிரியின் குண்டு எதுவும் அங்கே வர வேண்டியதில்லை.

விக்ராந்தின் தலைவர் கேப்டன் ஸ்வராஜ் பிரகாஷுக்கும், சீ ஹாக் அணியின் தலைவர் லெப்டினன்ட் கமாண்டர் சந்தோஷ் குமார் குப்தாவுக்கும் மகாவீர் சக்கரம் கிடைத்தது. முழுக்கத் தகும். அந்த விமானங்கள் எழுவதற்கான நீராவியைத் தந்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் வெளியே வரவில்லை. இந்த அதிகாரிக்கு ஓர் இலை வந்தது.

விஷயத்தை விளக்கியபோது பேரன் முகம் வாடியது. "பாட்டி, அப்ப போன வருஷம் நான் ஸ்கூல்ல பேசுனதெல்லாம் தப்பா?" பாட்டி அவன் தலையைத் தடவினார். "தேதி சரிதான்டா கண்ணு. கடல்தான் வேற."

கிழக்குக் கடற்படைக் கட்டளையின் தலைவர் அப்போது நாகர்கோவில்காரரான வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன் என்பதை அவனுக்கு எழுதிக் கொடுத்தோம். வரிசை ஒழுங்குக்கும் அவர் நல்ல பாடம். இரண்டாம் உலகப் போரில் இளம் அதிகாரியாக டி.எஸ்.சி. என்னும் பிரிட்டிஷ் வீரப் பதக்கம் பெற்றவர். எவ்வளவு பெரிய விருதானாலும் காமன்வெல்த் விருதுகளுக்கு இந்திய வரிசையில் இடம் கடைசிதான். பத்ம பூஷண், பரம விசிஷ்ட சேவா எல்லாம் முன்னே நிற்கும்; காலத்தால் முந்திய டி.எஸ்.சி. பின்னால் வரும். தேதிப்படி அடுக்கிவிடும் வீடுகளில் இந்தப் பிழையை அடிக்கடி பார்க்கிறோம்.

திருத்தமும் பராமரிப்பும்

இலையை முதலில் எடுத்தோம். வெள்ளைப் பசை நீரில் நெகிழும். காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக் குச்சியை இலையின் ஓரத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து, பசை வெளுத்து மெத்தென்று ஆனதும் மூங்கில் பல்குச்சியால் நெம்பினால் வந்துவிடும். அதற்கு முன் ரிப்பனின் மறைந்த பின்மடிப்பில் ஒரு சொட்டு நீர் வைத்துச் சாயம் இறங்குகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். நசுங்கிய முள்களை நிமிர்த்தவில்லை, ஒடிந்துவிடும். அதே துளைகள் வழியே பருத்தி நூலால் பூர்வி ரிப்பனில் கட்டினோம்.

குன்னூருக்கு இரண்டு பருவமழையும் உண்டு, இடையில் பனிமூட்டம். ஃப்ரேமுக்குள் ஈரம் புகுந்தால் வெளியேறாது. இந்த ஃப்ரேமில் கண்ணாடி ரிப்பனைத் தொட்டுக்கொண்டிருந்ததால், தொட்ட இடமெல்லாம் பூஞ்சைப் புள்ளி. பின்பலகை பிளைவுட். பலகையும் பசையும் மெல்ல அமில ஆவி விடும்; செம்புக் கலவைப் பதக்கங்களில் பச்சைத் தூள் பூப்பதற்கு அதுவும் ஈரமும் சேர்ந்தே காரணம். ரப்பர் வாஷர், கம்பளித் துணி இவற்றின் கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். பி.வி.சி. பிளாஸ்டிக் உறையில் வைத்தால் சில ஆண்டில் பிசுபிசுப்பு. மலையில் எல்லாவற்றுக்கும் கைகொடுக்கும் யூகலிப்டஸ் தைலத்தைப் பதக்கத்தின் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். ரிப்பனில் கறை நிற்கும், பழைய மெருகு கரையும். அந்துருண்டையும் கற்பூரமும் அப்படியே.

சரியான வழி: அமிலம் நீக்கிய காகிதத்தில் ஒவ்வொன்றையும் தனியே சுற்றி, காற்றுப் புகாத பாலிபுரொப்பிலீன் பெட்டியில் வைப்பது. பெட்டியின் கொள்ளளவு லிட்டருக்கு 20 கிராம் கணக்கில் சிலிக்கா ஜெல். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானால் நிறைந்துவிட்டது என்று பொருள். அடுப்பில் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் மீண்டும் ஆரஞ்சாகும். உள்ளே சிறிய ஈரப்பதமானி ஒன்று போட்டு 40 முதல் 45 சதவீதத்தில் நிறுத்த வேண்டும். உலோகத்துக்கு இன்னும் குறைவு நல்லதுதான், ஆனால் ரிப்பன் பட்டு முறுகிவிடும். சுவரில் தொங்கவிட ஆசை இருந்தால் படிகளைத் தொங்கவிட்டு மூலத்தைப் பெட்டியில் வைக்கலாம். இந்தக் குடும்பம் அப்படியே செய்தது.

புதிய தகட்டின் வாசகத்தைப் பாட்டியே தேர்ந்தெடுத்தார்: "ஐ.என்.எஸ். விக்ராந்த், வங்காள விரிகுடா, டிசம்பர் 1971".

ஆவணம் கேட்க

பதக்கங்களைப் படித்து எடுத்த முடிவுகளை ஆவணத்தோடு பொருத்தாமல் தகடு வெட்டக் கூடாது. வீட்டில் முதலில் தேட வேண்டியது ஓய்வூதிய ஆணை; படை எண், சேர்ந்த நாள், விடுபட்ட நாள் மூன்றும் அதில் இருக்கும். அதிகாரிகளின் பணிப்பதிவுக்கு டெல்லியிலுள்ள கடற்படைத் தலைமையகத்துக்கும், மாலுமிகளுடையதற்கு மும்பை மான்குர்டில் சீட்டா கேம்ப்பிலுள்ள மாலுமிகள் பணியகத்துக்கும் எழுத வேண்டும். அதிகாரிக்கானதை மாலுமிகள் பணியகத்துக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. ஊட்டியிலுள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்பினால், வாரிசு உறவைச் சான்றளித்து அனுப்புவது எளிது. வீரப் பதக்கமோ போர் அறிக்கைக் குறிப்போ இருந்தால் இந்திய அரசிதழில் பெயர் வந்திருக்கும். ஆண்டு தெரிந்தால் தேடிவிடலாம். பூர்வி, சங்க்ராம், ரக்‌ஷா போன்றவற்றுக்குத் தனிநபர் பெயர் அரசிதழில் வராது, அங்கே தேடி நேரம் போக்க வேண்டாம்.

கடிதத்தோடு எட்டுப் பதக்கங்களின் விளிம்புப் படங்களையும் இணைத்தால் எண்ணைச் சரிபார்க்க அவர்களுக்கு உதவும். மூலப் பதக்கத்தையோ மூலச் சான்றிதழையோ தபாலில் அனுப்பாதீர்கள், நகல் போதும்.